பிரவுட்டர்: சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போக வழி தேடுபவர்களுக்கு ஒரு மதிப்பீடு

சென்னையில் தினமும் சைக்கிளில் ஆபீஸ் போக நல்ல வழி வேண்டும், அதற்கு ஒரே ஒரு கருவிதான் என்றால், வரைபடத்தில் சைக்கிள் வழி போட்டுத் தரும் பிரவுட்டர் வெப் என்ற இணையதளம் போதும். காசு கிடையாது. கணக்கு திறக்க வேண்டாம். பிரவுசரில் திறந்து, புறப்படும் இடத்தில் ஒரு கிளிக், சேரும் இடத்தில் ஒரு கிளிக் செய்தால் வழி வந்துவிடும். ஆனால் முதலில் வரும் அந்தக் கோட்டை அப்படியே நம்பி மறுநாள் காலை வண்டியை எடுத்தால் ஏமாற்றம்தான். அந்தக் கோட்டை உடைத்து, இழுத்து, சில இடங்களை அடைத்து, நம் வழியாக மாற்றிக்கொள்ள இது தரும் வசதியில்தான் இதன் மதிப்பு இருக்கிறது. அந்த வசதி இந்த அளவுக்கு வேறு எதிலும் இல்லை.

கூகுள் மேப்ஸில் டூவீலர் வழி 2017 டிசம்பர் முதல் இந்தியாவில் இருக்கிறது. அது பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் போட்டது. நேரம்தான் அதன் கணக்கு. கத்திப்பாரா மேம்பாலம் இரண்டு நிமிடம் மிச்சம் தரும் என்றால் அங்கே ஏற்றிவிடும், சைக்கிளில் அந்த ஏற்றத்தில் பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. நடைவழிக்கு மாற்றினால் ஒன்வேயில் எதிர்த்திசையிலும், ரயில்வே நடைமேம்பாலப் படிகளிலும் கூட அனுப்பும். இரண்டுக்கும் நடுவில்தான் சைக்கிள்காரர் நிற்கிறார். பிரவுட்டர், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் ஓடுவது. சாலை எந்த வகை, எந்தத் தளம், எந்தத் திசை என்பதைப் பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு 'செலவு' போட்டு, மொத்தச் செலவு குறைந்த வழியைத் தேடும். பெரிய சாலைக்குச் செலவு அதிகம், குடியிருப்புத் தெருவுக்குக் குறைவு. அதனால் இயல்பாகவே உள்தெருக்களின் பக்கம் சாயும்.

முதலில் பாலம், பிறகுதான் ரூட்

கருவியைத் திறப்பதற்கு முன் ஒன்று புரிந்திருக்க வேண்டும். சென்னையில் வழியைத் தீர்மானிப்பது சாலைகளை விட அதிகமாகத் தடைகள்தான். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று மூன்று நீர்க்கோடுகள். கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை நகரை வடக்கு தெற்காகக் கிழிக்கிறது. இவற்றோடு குறுக்கே போக முடியாத பெரிய வளாகங்கள்: ஆளுநர் மாளிகை, கிண்டி தேசியப் பூங்கா, ஐஐடி மூன்றும் ஒட்டிக் கிடப்பதால் சர்தார் படேல் சாலைக்கும் வேளச்சேரிக்கும் இடையில் நேர்வழி கிடையாது. அடையாறு தியாசபிகல் சொசைட்டி, பரங்கிமலைப் பக்கத்து ராணுவ நிலம் ஆகியவையும் அப்படித்தான். உள்தெரு எத்தனை அருமையாக இருந்தாலும் கடைசியில் ஒரு பாலத்திலோ சப்வேயிலோ போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அந்த 300 மீட்டர்தான் உங்கள் வழியின் தரத்தை முடிவு செய்கிறது.

அசோக் நகரிலிருந்து தரமணி டைடல் பார்க் போகிறவரை எடுத்துக்கொள்வோம். சுமார் 10 கிலோமீட்டர். இவர் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும், ரயில் பாதை ஒன்று, அடையாறு இன்னொன்று. ரயிலுக்கு அரங்கநாதன் சப்வே, துரைசாமி சப்வே, கோடம்பாக்கம் மேம்பாலம். ஆற்றுக்கு சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், கோட்டூர்புரம் பாலம், அடையாறு திரு.வி.க. பாலம். கணக்குப்படி ஒன்பது சேர்க்கை, நடைமுறையில் மூன்றோ நான்கோதான் தேறும். மறைமலை அடிகள் பாலம் தூரத்தில் லாபம், ஆனால் அண்ணா சாலையின் மொத்த பஸ் போக்குவரத்தும் அதன் மேல்தான் போகிறது, தாண்டியதும் கிண்டி நெரிசல். கோட்டூர்புரம் பாலத்துக்கு நந்தனம் சிக்னல் தாண்டி டர்ன்புல்ஸ் சாலை வழியாக வரலாம். அண்ணா சாலையை சிக்னலில் நேராகக் கடந்துவிடுவதால் அதோடு அதன் தொல்லை முடிந்தது. திரு.வி.க. பாலம் சுற்று. ஆனால் மாலையில் அதற்கு ஒரு நியாயம் உண்டு, பின்னால் வருகிறேன்.

பிரவுட்டரில் இதைச் செய்வது சுலபம். வழிக்கோட்டின் மேல் மௌசை வைத்து இழுத்து நீங்கள் தேர்ந்த பாலத்தின் நடுவில் விடுங்கள். அது இடைப்புள்ளியாகிவிடும், மற்ற இரு பாதிகளையும் கருவி புதிதாகக் கணக்கிடும். இடைப்புள்ளியைப் பாலத்தின் நடுவில்தான் வைக்க வேண்டும், முனையில் வைக்கக் கூடாது. முனையில் வைத்தால் அணுகுசாலையின் தவறான பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, போய்த் திரும்பி வருவது போல ஒரு சிறு வால் முளைக்கும். நடுவில் தடுப்புள்ள சாலையாக இருந்தால் வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கி, இடப்பக்கக் கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள்.

அமைப்பில் மாற்ற வேண்டியவை

எந்த வகை வண்டிக்கு வழி வேண்டும் என்று சொல்லும் புரொஃபைல் பட்டியலில் 'டிரெக்கிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்து மலையேற்றம் என்று நினைக்க வேண்டாம், சாதாரண சைக்கிளுக்கு உரியது இதுதான். 'ஃபாஸ்ட்பைக்' ரேஸ் வண்டிக்கு. அதைப் போட்டால் பெரிய தார்ச் சாலைகளின் பக்கம் தள்ளும். 'ஷார்ட்டஸ்ட்' சென்னையில் உதவாது.

பக்கப் பட்டையில் 'ஆப்ஷன்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. பலர் அதைத் திறப்பதே இல்லை. அங்கே இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஒன்று, 'அலவ் ஸ்டெப்ஸ்' இயல்பில் டிக் போட்டிருக்கும், எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளைக் கூட வழியாகக் கருதும். 15 கிலோ வண்டியைத் தோளில் தூக்கி இரண்டு மாடி ஏறி இறங்குவது தினசரி வேலை இல்லை. இரண்டு, 'அவாய்ட் அன்சேஃப்' இயல்பில் டிக் இல்லாமல் இருக்கும், போடுங்கள். பெரிய சாலைகளுக்கு இன்னும் கொஞ்சம் அபராதம் சேரும். தூரம் எவ்வளவு கூடுகிறது என்று கீழே பாருங்கள். 10 கிலோமீட்டர் வழி 11.5க்குள் நின்றால் ஏற்றுக்கொள்ளலாம். உள்தெருவில் சராசரி 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் அந்த ஒன்றரைக்கு ஆறு நிமிடம் ஆகும். பிரதான சாலையில் இரண்டு பெரிய சிக்னல் அதைத் தின்றுவிடும். 13க்கு மேல் போனால் வழி சந்து சந்தாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். அப்போது டிக்கை எடுத்துவிட்டு இடைப்புள்ளிகளால் சரிசெய்வதுதான் நல்லது.

இன்னொரு எச்சரிக்கை, இது முக்கியம். டிரெக்கிங் புரொஃபைல் ஒன்வேயை முழுத் தடையாக எடுத்துக்கொள்வதில்லை. எதிர்த்திசைக்கு அபராதம் மட்டுமே போடுகிறது. சிறு தெரு என்றால் அபராதமும் குறைவு, இறங்கித் தள்ளிக்கொண்டு போவார் என்பது அதன் எண்ணம். தி.நகர் போல ஒன்வே அடர்ந்த பகுதியில் இதனால் 200 மீட்டர் எதிர்த்திசையில் கோடு போடலாம். வரைபடத்தில் அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டே கோட்டைத் தொடருங்கள். எதிராக வரும் துண்டை இழுத்துப் பக்கத்துத் தெருவில் போடுங்கள். ஒன்வேயில் எதிரே போவது சட்டப்படி தவறு என்பதோடு, இடதும் வலதும் பார்க்காமல் சந்திலிருந்து வெளியே வரும் ஸ்கூட்டருக்கு உங்களை எதிர்பார்க்கவே தோன்றாது.

ஐஐடி வளாகத்துக்குள் நுழைந்து தரமணிப் பக்கம் வெளியேறுவது போலக் கோடு வந்தாலும் அப்படியே இழுத்து மாற்றுங்கள். உள்ளே அனுமதி உள்ளவர்களுக்கு அது அழகான வழி. மற்றவர்களுக்கு அது வழியே இல்லை. பூட்டிய கேட் போட்ட காலனிகளிலும் இந்தச் சிக்கல் வரும்.

தடைப்பகுதி: இதற்காகவே பயன்படுத்தலாம்

பிரவுட்டரின் ஆகச் சிறந்த அம்சம், 'போகக் கூடாத இடம்' வரைவது. வட்டமாக வரையலாம், பலகோணமாக வரையலாம், கோடாகவும் வரையலாம். வரைந்த இடத்தைத் தொடாமல் வழி மாறும். இந்த ஊருக்கு இது வரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. அந்த மூன்று மாதம் துரைசாமி சப்வே, அரங்கநாதன் சப்வே, தில்லை கங்கா நகர் சப்வே, எழும்பூர் கெங்குரெட்டி சப்வே ஆகியவற்றின் பெயர் செய்திகளில் அடிபடாத வருடம் அரிது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு வட்டம் போட்டுவிடுங்கள். அசோக் நகர்க்காரருக்கு வழி கோடம்பாக்கம் மேம்பாலம் பக்கம் நகரும். ஏற்றம் உண்டு, நெரிசல் உண்டு, ஆனால் தண்ணீர் நிற்காது.

வரைந்த வட்டங்கள், இடைப்புள்ளிகள், புரொஃபைல் எல்லாம் முகவரிப் பட்டையில் இருக்கும் நீண்ட முகவரிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே அந்த முகவரியைச் சேமித்தால் வழி சேமித்தாயிற்று. வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, இரவில் திரும்ப ஒன்று என்று மூன்று புக்மார்க் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் பெறுகிறவருக்கும் அதே வழி திறக்கும்.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் இடங்களுக்குக் கோடு வடிவத் தடை பொருந்தும். ஆற்காடு சாலை, மயிலாப்பூர், அடையாறு, ஓஎம்ஆர் எனத் தகரத் தடுப்பு போட்டு சாலையைக் குறுக்கிய இடங்களில் சைக்கிளுக்கு மிஞ்சுவது தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒரு முழ அகலம். தடுப்பு எங்கிருந்து எங்கே வரை என்று நேரில் பார்த்துவந்து, அந்த நீளத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டால் வழி தானே விலகும். பணி முடிந்து தகரத்தை எடுத்த பிறகு கோட்டை அழிக்க மறக்க வேண்டாம்.

காலை வழி வேறு, மாலை வழி வேறு

திருப்பும் பட்டன் ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் பெரும்பாலும் போன வழியே திரும்ப வரும். மாலை வழியை அப்படி உண்டாக்கக் கூடாது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். காலையில் சுகமான இடத் திருப்பம், மாலையில் மூன்று லேன் கடந்து போக வேண்டிய வலத் திருப்பமாகிவிடும். நம் எடுத்துக்காட்டிலேயே இது இருக்கிறது. காலையில் கோட்டூர்புரம் பாலம் தாண்டி, காந்தி மண்டபம் சாலையிலிருந்து சர்தார் படேல் சாலைக்கு இடப்பக்கம் திரும்புவது ஒன்றுமில்லை. மாலையில் அதே இடத்தில் வலப்பக்கம் திரும்ப, வேகமாக வரும் பஸ்ஸுக்கும் காருக்கும் முன்னால் சாலையின் நடுப்பக்கம் போய் நிற்க வேண்டும். அதனால் மாலைக்கு இந்திரா நகர் உள்தெருக்கள், அடையாறு, திரு.வி.க. பாலம், பிறகு ராஜா அண்ணாமலைபுரம் வழியாக இடப்பக்கம் சேமியர்ஸ் சாலைக்கு வந்து நந்தனம் சிக்னலை நேராகக் கடந்து வெங்கட்நாராயணா சாலை. தூரம் கூடும், எல்.பி. சாலையில் மெட்ரோ பணியைப் பார்த்துப் போக வேண்டும். ஆனால் பெரிய வலத் திருப்பம் குறைகிறது. கோடையில் பிற்பகலுக்கு மேல் வீசும் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவதால் இந்தத் திசையில் முதுகில்தான் படும்.

காலை வழியிலும் ஒரு கடினமான இடம் இருக்கிறது: மத்திய கைலாஷில் ஓஎம்ஆருக்கு வலப்பக்கம் திரும்புவது. அங்கே போக்குவரத்து ஏற்பாடு அடிக்கடி மாறியிருக்கிறது, வரைபடத்தை நம்பிப் போகாமல் ஒருமுறை நேரில் நின்று பாருங்கள். நெரிசல் நேரத்தில் இறங்கி, பாதசாரிகளோடு தள்ளிக்கொண்டு கடப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. ஒரு நிமிடம் போகும், அவ்வளவே.

எந்த வழி வந்தாலும் அதில் சிக்னல் இல்லாத வலத் திருப்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பயணத்தில் இரண்டுக்கு மேல் இருந்தால் அந்த வழி வேண்டாம். தூரத்தையும் சாலை அகலத்தையும் விட இந்த எண்ணிக்கைதான் உங்களை மாதக்கணக்கில் சைக்கிளில் வைத்திருக்கும்.

எங்கே தோற்கிறது

வரைபடம் எவ்வளவு சரியோ கருவியும் அவ்வளவே சரி. சென்னையில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பல தெருக்களுக்குத் தளம் என்ன என்ற குறிப்பு இல்லை, வழவழப்பு பற்றிய குறிப்பு அதைவிடக் குறைவு. மழைநீர் வடிகாலுக்கு வெட்டி மூடிய தெருவும், போன மாதம் தார் போட்ட தெருவும் கருவிக்கு ஒன்றே. 'அனாலிசிஸ்' பகுதியைத் திறந்தால் உங்கள் வழியில் எத்தனை கிலோமீட்டர் எந்த வகைச் சாலை, எத்தனை கிலோமீட்டருக்குத் தளக் குறிப்பே இல்லை என்று காட்டும். குறிப்பில்லாத துண்டுகளை கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பார்த்துவிடலாம். 2022இல் இந்தியாவில் அது தொடங்கியபோதே முதல் பத்து நகரங்களில் சென்னையும் இருந்தது. படம் எடுத்த மாதம், வருடம் அங்கேயே இருக்கும், பழையதாக இருந்தால் அதற்கேற்ப எடைபோடுங்கள்.

சாலையின் வகையை வைத்துத்தான் போக்குவரத்தின் அளவை அது ஊகிக்கிறது. இங்கே அந்த ஊகம் பிசகும். குடியிருப்புத் தெரு என்று குறித்த தெரு காலை எட்டரைக்குப் பள்ளி வேன்களால் அடைபட்டிருக்கும், மார்க்கெட் தெருவில் லோடு ஆட்டோ நிற்கும். இதற்கு கூகுள் மேப்ஸைத்தான் நாட வேண்டும். கம்ப்யூட்டரில் 'வழக்கமான போக்குவரத்து' என்பதைத் தேர்ந்து கிழமையும் மணியும் வைத்தால் நிறம் காட்டும். அந்த நிறத்தைப் பார்த்து, பிரவுட்டரில் கோட்டை நகர்த்துங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

உயர வரைபடத்தைச் சென்னையில் பொருட்படுத்தாதீர்கள். விண்ணிலிருந்து ரேடாரால் அளந்த அந்த உயரத்தில் மரமும் கட்டிடமும் கலந்திருப்பதால் சமதரையில் மேடு காட்டும். நிஜமாகவே இறங்கி ஏறும் சப்வேயின் சரிவு அதில் இருக்காது.

சைக்கிள் பயணங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பின் ஹீட்மேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். நிறைய பேர் ஓட்டிய சாலை பளிச்சென்று தெரியும், நல்லதுதான். ஆனால் சென்னையில் ஈசிஆர் அப்படி ஒளிர்வதற்குக் காரணம் சனி, ஞாயிறு விடியற்காலையில் முட்டுக்காடு, மாமல்லபுரம் பக்கம் போகும் குழுக்கள். ஐந்தரை மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் சாலைக்கும் ஒன்பது மணிக்கு இருக்கும் சாலைக்கும் சம்பந்தமே இல்லை. வேலைக்குச் சைக்கிளில் போகும் கட்டடத் தொழிலாளரும் வாட்ச்மேனும் தண்ணீர் கேன் போடுகிறவரும் ஸ்ட்ராவாவில் பதிவு செய்வதில்லை. அவர்கள் போகும் வழிதான் உண்மையில் தேறிய வழி. ஒரு பாலத்தின் முனையில் காலை பத்து நிமிடம் நின்று அவர்கள் எந்தச் சந்திலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால், எந்த ஆப்பும் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம்.

போனில் கொண்டுபோக

பிரவுட்டர் வெப் பெரிய திரைக்கு உகந்தது. போனில் இடைப்புள்ளியை இழுப்பது எரிச்சல் தரும். வழியை ஜிபிஎக்ஸ் என்ற வழிக் கோப்பாக இறக்கி ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் என்ற வரைபட ஆப்பில் திறந்துகொள்ளுங்கள், கோடு வரைபடத்தின் மேல் தெரியும். ஆண்ட்ராய்டில் பிரவுட்டர் ஆப்பையே நிறுவினால் இணையம் இல்லாமலும் வழி கணக்கிடும். உலகை ஐந்து பாகைக்கு ஐந்து பாகை கட்டங்களாகப் பிரித்துத் தரவு வைத்திருக்கிறார்கள். சென்னை நகரம் ஈ80_என்10 என்ற கட்டத்தில் வரும். ஆனால் 80 பாகை கிழக்குக் கோடு பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஈ75_என்10 கட்டத்தையும் சேர்த்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் வழி வராது. காரணம் புரியாமல் ஆப்பை அழித்துவிடுகிறவர்கள் உண்டு.

உங்கள் டயர் வழியைத் தீர்மானிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 25 மில்லிமீட்டர் டயர் வண்டிக்கு உடைந்த உள்தெரு சரிப்படாது, நல்ல தார்ச் சாலையைத் தேடி ஓட வேண்டியிருக்கும். 35 முதல் 40 மில்லிமீட்டர் டயரில் 50 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று வைத்தால் பிரவுட்டர் காட்டும் தெருக்களில் பெரும்பாலானவை உங்களுக்குத் திறக்கும்.

வழி முடிவானதும் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை ஓட்டுங்கள், பள்ளமும் மேன்ஹோல் மூடியும் தெரியும். பிறகு ஒரு வேலைநாளில், ஆபீஸ் நேரத்தில் ஓட்டுங்கள், போக்குவரத்து தெரியும். இரவு ஒன்பதுக்குத் திரும்பும் வேலை என்றால் அந்த நேரத்திலும் ஒருமுறை: தெருவிளக்கு, நாய்கள், மூடிய கேட். மூன்றும் முடிந்தபின் வழியில் தவறு கண்டால், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசக் கணக்கு திறந்து திருத்திவிடலாம். மாறிய ஒன்வே, அடைத்த இடைவெளி, உடைந்த தளம் எதுவானாலும் சரி. உங்கள் தெருவின் தளக் குறிப்பைச் சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். அது பிரவுட்டரில் உடனே தெரியாது, தரவு புதுப்பிக்கச் சில நாட்கள் பிடிக்கும். அதன்பின் அந்தப் பகுதியில் யார் வழி கேட்டாலும் உங்கள் திருத்தத்தோடுதான் கணக்கிடும்.